பூங்காவுக்குத் தீர்ப்பு, தோட்ட மக்களுக்குக் காத்திருப்பு: புக்கிட் கியாரா நெகிரி செம்பிலானுக்குச் சொல்லும் பாடம்

சிரம்பான் - நெகிரி செம்பிலானில் லாபு, நீலாய், சிலியாவ், ரந்தாவ் வட்டாரங்களில் தோட்டப் பெயர்கள் இன்னும் புழக்கத்தில் உள்ளன. பல இடங்களில் தோட்டம்தான் இல்லை. பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகள் வருகின்றன. தமிழ்ப்பள்ளிப் பெயர்ப் பலகையில் 'லாடாங்' என்ற சொல் மட்டும் பழைய நிலத்தின் அடையாளமாக நிற்கிறது.

இந்த மாற்றத்தின் நடுவே, லயத்தில் குடியிருந்த குடும்பங்களிடமிருந்து வரும் குறை எல்லாத் தோட்டங்களிலும் ஏறக்குறைய ஒன்றுதான். நில அலுவலகத்துக்குப் போனால் அது தனியார் நிலம் என்கிறார்கள். ஊராட்சி மன்றத்துக்குப் போனால் நில விவகாரம் மாநில அரசுக்கு உரியது என்கிறார்கள். தொழிலாளர் இலாகாவுக்குப் போனால், வேலை முடிந்துவிட்டதால் வீட்டைப் பற்றித் தங்களால் ஒன்றும் செய்ய இயலாது என்கிறார்கள். மூன்று மேசைகளுக்கும் அலைந்து திரும்பும்போது, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் கதவில் ஒட்டப்பட்டிருக்கும்.

இது அதிகாரிகளின் அக்கறையின்மை மட்டும்தானா? அப்படியானால் நல்ல அதிகாரி ஒருவர் வந்தால் பிரச்சினை தீர்ந்துவிட வேண்டும். ஆனால் தலைவர்கள் மாறியும், ஆட்சி மாறியும் இதே கதை தொடர்கிறது. ஏன் தொடர்கிறது என்பதற்கு விடை தேடினால், நெகிரி செம்பிலானுக்கு வெளியே, கோலாலம்பூரில் நடந்த ஒரு வழக்கைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

புக்கிட் கியாராவில் நடந்தது

இன்று தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் என அறியப்படும் வசதியான குடியிருப்புக்கு அருகே ஒரு காலத்தில் புக்கிட் கியாரா ரப்பர் தோட்டம் இருந்தது. அரசாங்கம் அந்த நிலத்தைக் கையகப்படுத்தியபோது, அங்கு வேலை செய்த குடும்பங்கள் 1980களின் தொடக்கத்தில் அருகிலேயே கட்டப்பட்ட நீள வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அது தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வீடு பின்னர் வரும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட வாக்குறுதி. சுமார் 100 குடும்பங்கள் அந்த வாக்கை நம்பிக் குடியேறின. பிள்ளைகள் வளர்ந்து, பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். தற்காலிகம் நாற்பது ஆண்டுகளைத் தொட்டது.

2017-ஆம் ஆண்டு ஜூலையில் கோலாலம்பூர் மாநகர் மன்றம் ஒரு மேம்பாட்டுத் திட்டத்துக்கு அனுமதி வழங்கியது. நீள வீடுகளை ஒட்டிய தாமான் ரிம்பா கியாரா பூங்கா சுமார் 25 ஏக்கர். அதில் 12 ஏக்கரில் எட்டு உயரமான அடுக்குமாடிகள் எழுப்பப்படும். அதோடு 350 மலிவு விலை வீடுகள் கொண்ட ஒரு கட்டடமும் வரும். அதில் நீள வீட்டு மக்களுக்கு இடம் உண்டு என்றார்கள். திட்டத்தில் மேம்பாட்டு நிறுவனத்தின் பங்காளியாக இருந்தது கூட்டரசுப் பிரதேச அறவாரியம்.

அண்டைக் குடியிருப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2018 நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, மாநகர் மன்றத்தின் அனுமதியை ரத்து செய்தது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றமும் அந்த ரத்தை உறுதிப்படுத்தியது. அண்டைக் குடியிருப்பாளர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு, நகரின் வரையறைத் திட்டத்தை மாநகர் மன்றம் விருப்பம்போல் ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கினால் அதற்கான காரணத்தைச் சொல்ல வேண்டும் என்பன அந்த வழக்கில் நிலைபெற்ற கருத்துகள். நாட்டின் ஊராட்சி வரலாற்றில் இது முக்கியமான தீர்ப்பு என்பதில் ஐயமில்லை.

ஆனால் தோட்ட மக்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் படம் வேறு. அந்த வழக்கில் நீள வீட்டு மக்களின் சங்கம் எதிர்த்தரப்பில், திட்டம் வேண்டும் என்ற பக்கத்தில் நின்றது. அவர்கள் பூங்காவுக்கு எதிரிகள் அல்லர். நாற்பது ஆண்டுகளில் வீடு என்ற சொல் தாளில் எழுதப்பட்டு வந்தது அந்தத் திட்டத்தில்தான். திட்டம் வீழ்ந்தால் வீடும் வீழும் என்ற நிலையில் அவர்கள் நிறுத்தப்பட்டார்கள். பூங்காவைக் காக்கப் போராடியவர்களும் அவர்களுக்கு வீடு வேண்டாம் என்று சொல்லவில்லை; இருக்கும் இடத்திலேயே கட்டித் தரலாம் என்றே வாதிட்டார்கள். இரு தரப்பு மக்களும் ஒருவருக்கொருவர் கேடு நினைக்கவில்லை. ஆனாலும் நீதிமன்றத்தில் எதிரும் புதிருமாக நிற்க வேண்டியதாயிற்று. மாநகர் மன்றம் ஏழைகளின் வீட்டையும் பெரிய வணிகத் திட்டத்தையும் ஒரே அனுமதியில் முடிச்சுப் போட்டதன் விளைவு அது.

தீர்ப்பு பூங்காவைக் காத்தது. நாற்பதாண்டு வாக்குறுதியை யார், எப்போது நிறைவேற்றுவது என்பது அந்த வழக்கின் கேள்வியாகவே இல்லை.

சட்டம் யாரைப் பார்க்கிறது

இங்கேதான் நெகிரி செம்பிலான் மக்கள் கவனிக்க வேண்டிய செய்தி இருக்கிறது. நீதிமன்றக் கதவைத் தட்டிய அண்டைக் குடியிருப்பாளர்களின் கையில் நிலப்பட்டா இருந்தது. நீள வீட்டு மக்களிடம் இருந்தது ஒரு வாக்குறுதி.

மலேசியாவில் நிலம் என்றால் பதிவுதான். 1965-ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தொகுப்பின்படி, எத்தனை ஆண்டு ஒரு நிலத்தில் குடியிருந்தாலும் அந்தக் குடியிருப்பே உரிமையாகிவிடாது. அரசு நிலத்துக்கும் அப்படித்தான், தனியார் நிலத்துக்கும் அப்படித்தான். மூன்று தலைமுறையாகக் கோயில் கட்டி, திருவிழா எடுத்து, மரம் நட்டு வாழ்ந்த இடமாக இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அந்தக் குடும்பம் உரிமையாளரின் அனுமதியில் தங்கியிருப்பவர் மட்டுமே. வேலை முடிந்தால் அந்த அனுமதியும் முடிகிறது.

ஆகவே தோட்ட மக்களுக்குச் சாதகமாக ஏதாவது நடக்க வேண்டுமானால், அது நீதிமன்றத்துக்கு வரும் முன்பே, நிலம் கைமாறும்போதும் அனுமதி கோரப்படும்போதும் நடந்திருக்க வேண்டும். நெகிரி செம்பிலானில் அதற்கு மூன்று வாசல்கள் உள்ளன.

முதல் வாசல், தோட்டம் விற்கப்படும் நேரம். 40 ஹெக்டருக்குக் குறையாத விவசாய நிலத்தைக் கைமாற்ற, தேசிய நிலச் சட்டத்தொகுப்பின் 214ஏ பிரிவின்படி மாநிலத்தின் தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் நிலைகுலைந்த அனுபவத்தின் பின்னணியில் வந்த பிரிவு இது. துன் வீ.தி.சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்க முனைந்ததும் அதே துண்டாடலுக்கு மறுமொழியாகத்தான்.

இரண்டாவது வாசல், விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்றும் நேரம். இது மாநில அரசின் கையில் உள்ளது.

மூன்றாவது, திட்டமிடல் அனுமதி. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, அனுமதியின்றி எந்த மேம்பாடும் தொடங்க முடியாது. இந்த அனுமதியைத் தருவது ஊராட்சி மன்றம். நிபந்தனை விதித்துத் தரும் அதிகாரமும் அதற்கு உண்டு.

இந்த மூன்றாவது வாசலில் சட்டம் யாரைக் கேட்கச் சொல்கிறது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதியில் ஒரு விண்ணப்பம் வந்தால், அண்டை நிலங்களின் உரிமையாளர்களுக்கு ஊராட்சி மன்றம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் 21 நாட்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். அதாவது, வேலிக்கு அப்பால் நிலம் வைத்திருப்பவருக்குக் கடிதம் போகும். வேலிக்கு உள்ளே, இடிக்கப்படப்போகும் லயத்தில் குடியிருப்பவருக்குக் கடிதம் போக வேண்டும் என்று அந்தப் பிரிவில் இல்லை. உள்ளூர்த் திட்டம் ஏற்கெனவே இருக்கும் பகுதிகளில் அண்டை நிலத்தாருக்கே கடிதம் அனுப்பும் அந்தக் கடமை எழுவதில்லை.

மக்கள் அலைக்கழிக்கப்படுவதாக உணர்வதற்குக் காரணம் இதுதான். அதிகாரிகள் பொய் சொல்கிறார்கள் என்பதல்ல. ஒவ்வொருவரும் சொல்வது அவரவர் மேசையளவில் உண்மை. மூன்று மேசைகளிலும் தோட்ட மக்களுக்கு நாற்காலி போடப்படவில்லை என்பதே முழு உண்மை.

நாடாளுமன்றமா, மாநிலமா?

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் ஊராட்சியும் மாநிலப் பட்டியலில் உள்ளன. தொழிலாளர் நலன் கூட்டரசுப் பட்டியலில் உள்ளது. தோட்ட வீட்டின் தரத்தைக் கண்காணிக்கும் 1990-ஆம் ஆண்டு குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம் தொழிலாளர் இலாகாவின் பொறுப்பு. கூரை ஒழுகுகிறதா, குடிநீர் வருகிறதா, அறைகள் போதுமா என்று அது கேட்கும். தோட்டம் மூடப்பட்ட பிறகு அந்தக் குடும்பம் எங்கே போகும் என்பது அதன் கேள்வி அன்று.

வேலை முடியும்போது கையில் கிடைப்பது என்ன? 1980-ஆம் ஆண்டு பணிநீக்கப் பலன் விதிமுறைகளின்படி, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 20 நாள் சம்பளம். முப்பது ஆண்டு பால் வெட்டிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருக்கு 600 நாள் சம்பளம். 2025-இல் நடப்புக்கு வந்த 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் கணக்கிட்டால், நாள் சம்பளத்தை எந்த முறையில் பிரித்தாலும் அது 40,000 ரிங்கிட்டைத் தொடாது. ஒரு வாழ்நாள் உழைப்புக்குக் கிடைக்கும் இந்தத் தொகையில் சிரம்பானிலோ நீலாயிலோ ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டலாம். வீடு வாங்க முடியாது. ஐம்பத்தைந்து, அறுபது வயதில் வங்கிக் கடனும் எளிதில் கிடைக்காது. வீட்டு விவகாரம் தோட்ட மக்களுக்கு ஏன் உயிர்ப் பிரச்சினை என்பதை இந்தச் சிறு கணக்கே காட்டிவிடும்.

வாய்மொழி வாக்குறுதியின் விலை

புக்கிட் கியாரா தனிக் கதையன்று. புத்ராஜெயா உருவானபோது பேராங் பெசார், செட்ஜ்லி, கேலோவே, மெடிங்லி ஆகிய நான்கு தோட்டங்களின் குடும்பங்கள், ஏறத்தாழ 400, டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு மாற்றப்பட்டன. சுவர் விரிசல் விட்ட அந்த வீடுகளில் இருந்தபடி, தரை வீடு என்ற வாக்குறுதிக்காக அவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் மகஜர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உலு சிலாங்கூர் வட்டாரத்தில் ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்களின் வீட்டுப் போராட்டமும் அதே அளவு நீண்டது. புக்கிட் ஜாலில் தோட்டத்தில் எஞ்சியிருந்த 26 ஏக்கரில் 4 ஏக்கரை வீட்டுக்கு ஒதுக்கும்படி 41 குடும்பங்கள் கேட்டன. அரசு தன் விளையாட்டு நகரத்தை எழுப்பிய அதே பரப்பில், அந்த 4 ஏக்கருக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது.

இவை அனைத்திலும் ஒரு பொது அம்சம் உண்டு. இடம்பெயர்வு முதலில் நடந்தது. வீடு பின்னர் பேசப்பட்டது. நிலம் கைமாறி, மரம் வெட்டி, தரை சமமாக்கப்பட்ட பிறகு மக்களின் கையில் பேரம் பேச எதுவும் எஞ்சவில்லை.

நெகிரி செம்பிலானுக்கு ஏன் அவசரம்

மலேசிய விஷன் வேலி 2.0 திட்டம் சிரம்பான், போர்ட்டிக்சன் மாவட்டங்களில் 1 லட்சத்து 53 ஆயிரத்து 411 ஹெக்டரைத் தழுவியது. இந்தப் பகுதியில் பெரிய நிலப்பரப்பை வைத்திருந்தது சைம் டார்பி குழுமம். அதாவது பழைய தோட்ட நிலங்கள். சிரம்பானில் பண்டார் ஐன்ஸ்டேல் போன்ற குடியிருப்புகள் இந்த மாற்றத்தின் முன்னோட்டம். வரும் ஆண்டுகளில் இன்னும் பல தோட்டங்கள் ஊராகும், தொழிற்பேட்டையாகும்.

மேம்பாடு வேண்டாம் என்று தோட்ட மக்கள் சொல்லவில்லை. அவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தத் தொழிற்பேட்டையில் வேலை வேண்டும். அவர்கள் கேட்பது, தாங்கள் வாழ்ந்த நிலம் ஊராகும்போது அந்த ஊரில் தங்களுக்கும் ஒரு வீடு. கோயிலுக்கும் பள்ளிக்கும் தனிப் பட்டாவோடு ஓர் இடம்.

சிரம்பான், நீலாய் நகராண்மைக் கழகங்கள் இணைந்து 2020 ஜனவரி 1 முதல் சிரம்பான் மாநகர் மன்றமாகச் செயல்படுகின்றன. போர்ட்டிக்சனுக்குத் தனி நகராண்மைக் கழகம் உண்டு. இந்த மன்றங்களின் உறுப்பினர்களை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை. 1965-இல் நிறுத்தப்பட்ட ஊராட்சித் தேர்தல் திரும்பவே இல்லை. அதை ஆராய்ந்த அரச ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் ஒரு தமிழர், டத்தோ ஆதி நாகப்பன். தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆணையத்தின் பரிந்துரை. அதற்கு மாறாக 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் நியமன முறையை நிலைநிறுத்தியது. ஆகவே ஒரு மன்ற உறுப்பினர் தோட்ட மக்களை மறந்தால், அடுத்த தேர்தலில் அவரை மாற்றும் வழி அவர்களிடம் இல்லை. சட்டமன்ற உறுப்பினரிடம்தான் முறையிட வேண்டும். அவருக்கோ திட்டமிடல் அனுமதியில் கையெழுத்து இல்லை.

என்ன கேட்கலாம், எங்கே கேட்கலாம்

ஊராட்சி மன்றம் நிலப்பட்டா தர முடியாது என்பது சரி. ஆனால் அது தரும் அனுமதியில் நிபந்தனை எழுத முடியும். ஒரு லயத்தை இடிக்கும் முன் அங்குள்ள குடும்பங்களைக் கணக்கெடுக்க வேண்டும். மாற்று வீடு கட்டி முடித்த பிறகே இடிக்க வேண்டும். அந்த வீடுகள் வணிகக் கட்டடங்களுக்குப் பின்னால் தள்ளப்படாமல் முதல் கட்டத்திலேயே எழுப்பப்பட வேண்டும். மேம்பாட்டு நிறுவனத்துக்கும் குடும்பங்களுக்கும் எழுத்துமூல ஒப்பந்தம் வேண்டும். இவற்றை அனுமதிக் கடிதத்தில் சேர்க்கும்படி கேட்பதே மாநில அரசுக்கும் மன்றங்களுக்கும் முன்னால் வைக்க வேண்டிய கோரிக்கை. புக்கிட் கியாராவில் நடந்ததுபோல் ஏழைகளின் வீட்டைச் சர்ச்சைக்குரிய திட்டத்தோடு கட்டிப்போடாமல், தனி நிலத்தில், தனி அனுமதியில் கட்ட வேண்டும் என்பதையும் வலியுறுத்த வேண்டும்.

மக்கள் பக்கத்திலும் செய்ய வேண்டியவை உள்ளன. உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது குறைந்தது நான்கு வாரங்கள் இருக்கும். அந்த நேரத்தில் பட்டா இல்லாதவரும் ஆட்சேபம் எழுதலாம். தோட்ட மக்களுக்குச் சட்டம் திறந்துவைத்திருக்கும் பெரிய வாசல் இதுதான். ஆனால் அந்த அறிவிப்பு தமிழில் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், பலருக்கு அது வந்துபோனதே தெரிவதில்லை. கோயில் நிர்வாகங்களும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் மன்றங்களின் அறிவிப்புப் பலகையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தாலொழிய, அதன் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தவை. அங்கே போய் உட்கார்ந்து கேட்பது சலுகை அன்று. சட்டம் தந்த வாய்ப்பு.

ஒவ்வொரு குடும்பமும் தன் வேலைக் காலச் சான்றுகளையும், சம்பளச் சீட்டுகளையும், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்களில் உள்ள தோட்ட முகவரியையும் பத்திரப்படுத்த வேண்டும். நிர்வாகமோ அரசியல்வாதியோ வீடு தருவதாகச் சொன்னால், அன்றைக்கே அதை ஒரு கடிதமாக எழுதி, கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். சான்றுகளைத் தேடும் காலம் நோட்டீஸ் வந்த பிறகு அன்று, மரம் நிற்கும்போதே.

புக்கிட் கியாராவில் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு, நீள வீட்டில் குடியேறுவதற்கு முன் ஒரு தாளில் ஒரு தேதி எழுதப்பட்டிருந்தால், அந்த மக்கள் பிற்காலத்தில் ஒரு பூங்காவுக்கு எதிராக நிறுத்தப்பட்டிருக்க மாட்டார்கள். லாபுவிலும் சிலியாவிலும் இன்னும் மரங்கள் நிற்கின்றன. அந்தத் தேதியை எழுதி வாங்க நெகிரி செம்பிலானுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.